ஆறு கப் ஜாடிக்கு ஒரு குல்லா

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கு யாவரும் நலம். யாவரும் என்றால் நான் ஒருத்திதான். அந்த ஒருத்தி நலம். முழங்கால் மட்டும் கடையின் மாடிப்படி ஏறும்போது தன் அபிப்பிராயத்தைச் சொல்கிறது. உனக்கு அந்த லாரிப் புழுதி இருமல் விட்டதா? வெந்நீர் குடிக்கிறாயா, இல்லை அதையும் நான்தான் எழுதிச் சொல்ல வேண்டுமா?

ஓர் உதவி வேண்டும். மாட்டேன் என்று சொல்லிவிடாதே. சொல்ல மாட்டாய், நீ எதற்குத்தான் மாட்டேன் என்றிருக்கிறாய்.

எங்கள் கம்பளி நூல் கடையில் குளிர்காலத்துக்கு ஒரு பின்னல் தாள் அச்சடித்து, நூல் வாங்குகிறவர்களுக்குக் கொடுப்போம். எத்தனை கண்ணி போட வேண்டும், எந்த வரிசையில் எந்த நிறம் வரும் என்று எல்லாம் அதில் இருக்கும். ஒன்பது வருஷமாக அதை எழுதுவது நான்தான். கையுறை, காலுறை, குழந்தைத் தொப்பி என்று எழுதி எழுதி எனக்கே கொட்டாவி வருகிறது. இந்த வருஷம் வேடிக்கையாக ஒன்று செய்கிறேன் என்று கடைக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டேன். டீ ஜாடி சீக்கிரம் ஆறிப்போகாமல் மேலே மாட்டுகிற உறை. நான் அதைக் குல்லா என்றுதான் சொல்வேன். வெறும் குல்லா இல்லை. நம் அப்பா!

சிரிக்காதே. கிடங்குக் காவல் முடிந்து விடிந்ததும் வந்து, குரங்குக் குல்லாவைக் கூடக் கழற்றாமல் தூங்குவாரே, அந்த முகம். பழுப்பு நூலில் குல்லா, அதற்குள் மூடின கண் இரண்டு, கறுப்பு மீசை, உச்சியில் குஞ்சம். இடது கன்னம் ஒரு பாதி, வலது கன்னம் ஒரு பாதி. இரண்டையும் சேர்த்துத் தைத்தால், நடுவில் விட்ட வழியாக ஜாடியின் மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் அப்பா மூக்கு. டீ சூடாக இருந்தால் மூக்கில் ஆவி வரும்.

கடைக்கார அம்மா சிரித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். "நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லித் தரக்கூடாது. எழுதினதை மட்டும் படிச்சு ஒருத்தர் பின்னி முடிக்கணும். அப்பதான் அச்சுக்குப் போகும்." இங்கே பின்னத் தெரிந்தவர்கள் எல்லோரும் வரிக்கு ஒரு தடவை மாடியேறி வந்து சந்தேகம் கேட்கிறவர்கள். கேள்வியே கேட்காத ஆள் உலகத்தில் நீ ஒருத்தன்தான். அப்பா எழுந்துவிடக் கூடாதென்று அம்மா நம் கையில் ஊசியைக் கொடுத்து உட்கார வைத்தாள். இரும்பு ஊசி சத்தம் போடும் என்று மூங்கில் ஊசி. பகல் முழுக்க வாய் திறக்காமல் பின்னினோம். நான் பிற்பாடு அதற்கெல்லாம் சேர்த்துவைத்துப் பேசிவிட்டேன். நீ கடிதத்தில் மட்டும் வாயாடி.

அளவு, உன் கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த நீல ஜாடிக்கு. ஆறு கப் பிடிக்கும், சுற்றளவு நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். வாங்கின அன்றே அளந்து குறித்து வைத்திருக்கிறேன். நூலும் ஊசியும் பார்சலில் வருகின்றன. முதலில் இருபது கண்ணியில் ஒரு மாதிரிச் சதுரம் பின்னி அனுப்பு. உன் கைப்பதம் தெரிய வேண்டும்.

இன்னொன்று. உன் கடிதத்தின் அடியில் உன் மகாராணி எப்போதும் தன் கையால் எழுதுவாளே, கடைசி இரண்டு கடிதத்தில் அதைக் காணவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மாதம் தங்க வந்து பத்தாம் நாளே நான் கிளம்பிப் போனதிலிருந்து, எங்களுக்குள் மிச்சமிருக்கிற உறவே அதுதான். "அண்ணி, நலமா? இங்கு மழை." அவ்வளவுதான் எழுதுவாள், வெயில் காலத்தில் வெயில் என்று எழுதுவாள். அதுவும் நின்றுபோனது எனக்கு என்னவோபோல் இருக்கிறது. உடம்பு சரியில்லையா? மறைக்காமல் எழுது.

அன்புடன்
அக்கா

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். உன் கடிதமும் பார்சலும் ஒரே நாளில் வந்தன. இங்கு யாவரும் நலம். இருமல் போய்விட்டது, அதன் இடத்துக்குத் தும்மல் வந்திருக்கிறது.

யாருக்கோ குல்லா போடப் பார்க்கிறாய் என்று முதல் வரியிலேயே நினைத்தேன். அப்பாவுக்கே போடுவாய் என்று நினைக்கவில்லை.

இந்தக் கல்குவாரி எடைமேடையில் எனக்கு ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. நாற்காலி ஒன்று, திரை ஒன்று, ஜன்னல் ஒன்று. லாரி காலியாக ஏறும், எடை பார்ப்பேன். கல்லோடு ஏறும், எடை பார்ப்பேன். சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் இருபது நிமிஷம் கிடைக்கும். அதில்தான் பின்னினேன். வெள்ளைப் பல் ஒன்றுக்குத் தங்கத் தொப்பி போட்ட டிரைவர் ஒருவர் இருக்கிறார். ஊசியைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, வீட்ல விசேஷமா?" என்றார். "ஆமா, ஜாடிக்கு" என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும், "ஜாடிக்கு எத்தனை மாசம்?" என்று கேட்டுவிட்டுத்தான் மேடையைவிட்டு இறங்குகிறார்.

உன் நூல்கண்டை எடைமேடையில் வைத்துப் பார்த்தேன். பூஜ்யம் காட்டியது. அறுபது டன் நிறுக்கிற மேடை, இருபது கிலோவுக்குக் கீழே எதையும் மனிதனாகவே மதிக்காது. நான் ஏறி நின்றேன். என்னை மதித்தது, அந்த மட்டும் சந்தோஷம்.

அவள் நன்றாக இருக்கிறாள். உன் முழங்காலை விசாரித்தாள். கை ஈரமாக இருக்கிறது, அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன் என்று சொல்லச் சொன்னாள்.

மாதிரிச் சதுரத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

என்றும் உன்
தம்பி

ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்துச் சிரித்தேன். மூன்றாம் தரம் படிக்கும்போது சதுரம் கையில் இருந்தது, சிரிப்பு வரவில்லை.

இருபது கண்ணி என் கையில் பத்து சென்டிமீட்டர் வரும். உன்னுடையதை அளந்தேன், எட்டேகால். நூல் அதே நூல், ஊசி அதே ஊசி. கண்ணிக்குள் ஊசி முனை போகவே இடமில்லை, பலகை மாதிரி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு முந்தின நாள் நீ பின்னினால் இப்படி இருக்கும். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ பின்னின கழுத்துப்பட்டி இப்படித்தான் இருந்தது, யார் தலையிலும் நுழையவில்லை. கடிதத்தில் நீ என்ன வேண்டுமானாலும் எழுதலாம் தம்பி, கை பொய் சொல்லாது. வேலையில் ஏதாவது தகராறா? உடம்பா? என்ன விஷயம்?

பின்னல் தாளை இதோடு வைத்திருக்கிறேன். அச்சுக்குப் போகிற தாள் என்பதால் என் கை அளவுக்கே எழுதியிருக்கிறேன், பாதிக்கு நாற்பத்தெட்டு கண்ணி, அடியிலிருந்து தொடங்கு. உன் கையைத் தளர்த்து என்று எழுதினால் இன்னும் இறுக்குவாய், அதனால் எழுதவில்லை.

இங்கே ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. எதிர்ச் சலவைக்கடையும் மூடியிருக்கும், அந்த ஆவிக் குழாயின் சத்தம்கூட இருக்காது. சனிக்கிழமை மத்தியானம் கடைசியாக யாரிடமோ "மீதிச் சில்லறை இந்தாங்க" என்று சொன்னேன். அடுத்து வாய் திறந்தது திங்கட்கிழமை காலையில். முதலில் வந்த அம்மாளிடம் "வாங்க" என்றால் குரலே வரவில்லை, தொண்டையைக் கனைத்துக்கொண்டு இன்னொரு தரம் சொன்னேன். ஜலதோஷமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மகாராணியின் கை காய்ந்துவிட்டதா?

அன்புடன்
அக்கா

ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம். உன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

நீ எழுதினபடியே பின்னினேன். ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. பதினாலாம் வரிசையில் கண் வந்தது. முப்பதாம் வரிசையில் மீசை வந்தது. இரண்டு பாதியையும் சேர்த்துத் தைத்து நிமிர்த்திப் பார்க்கிறேன், அப்பா முகவாயில் கண்ணை வைத்துக்கொண்டு நெற்றியில் மீசையோடு தூங்குகிறார். தங்கப்பல் டிரைவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "உங்க அப்பாவை நான் பாத்ததில்லண்ணே, ஆனா உங்களைப் பாத்தா நம்புற மாதிரிதான் இருக்கு" என்றார்.

ஜாடியில் மாட்டியும் பார்த்தேன். தொளதொளவென்று நிற்கிறது. என் கையே உள்ளே போய்வருகிறது. அளவைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அவளும் பார்த்துச் சிரித்தாள். உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

கை இறுக்கம் ஒன்றுமில்லை. வயசாகிறதில்லையா, விரல் மடங்கமாட்டேன் என்கிறது.

என்றும் உன்
தம்பி

ஆகஸ்ட் 7

அன்புள்ள தம்பிக்கு,

நலம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறேன், அது மதிக்கவில்லை.

மீசை என் தப்புதான். படத்தை மேலிருந்து வரைந்தேன், வரிசையையும் மேலிருந்தே எண்ணிவிட்டேன். பின்னுவதோ அடியிலிருந்து. ஒன்பது வருஷத்தில் இப்படி ஒரு கூத்து நடந்ததில்லை. கடைக்கார அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சரி, நான்தான் கோட்டைவிட்டேன், உனக்குக் கண் இல்லையா? பதினாலாம் வரிசையில் கண் வரும்போதே, "அக்கா, இது என்ன?" என்று ஒரு கார்டு போடக்கூடாதா? ஒருத்தர் சொன்னால் சொன்னபடி செய்துகொண்டே போவாயா? உன்னோடு குடித்தனம் பண்ணுகிறவள் பாடு எனக்கு இன்றைக்குத்தான் கொஞ்சம் புரிகிறது.

அது கிடக்கட்டும். எனக்குக் கணக்கு உதைக்கிறது. இரண்டு பாதியும் சேர்ந்து தொண்ணூற்றாறு கண்ணி. உன் இறுக்கக் கையில் அது நாற்பது சென்டிமீட்டர்தான் வரும். நீல ஜாடியின் சுற்றளவு நாற்பத்தெட்டு. குல்லா அதற்கு ஏறவே கூடாது, மல்லுக்கட்டித்தான் மாட்ட வேண்டும். நீயோ தொளதொளவென்கிறாய்.

ஒன்று செய். ஜாடியைச் சுற்றி ஒரு நூலை வை. முனை சேருகிற இடத்தில் வெட்டு. அந்த நூலை அப்படியே உறையில் போட்டு அனுப்பு. எண்ணை எழுத வேண்டாம், நூல் போதும்.

அவள் சிரித்தாள் என்றாயே, கண்ணைப் பார்த்தா, மீசையைப் பார்த்தா? அவளையே ஒரு வரி எழுதச் சொல்.

அன்புடன்
அக்கா

செப்டம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும், இங்கே லாரி அதிகம். யாவரும் நலம்.

ஜாடியின் சுற்றளவு நீ சொன்ன நாற்பத்தெட்டேதான். நூலை வைக்க மறந்து உறையை ஒட்டிவிட்டேன்.

அவள் நலம்.

தம்பி

செப்டம்பர் 26

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்த மறுநாள் கடைத்தெருவில் பீங்கான் சாமான் கடைக்குப் போனேன். டீ ஜாடி வேண்டும், இருப்பதிலேயே சின்னது என்றேன். "எத்தனை பேருக்கும்மா?" என்றார் கடைக்காரர். ஒருத்தருக்கு என்றேன். மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்து, "இப்ப இதுதாம்மா நல்லா ஓடுது" என்றார். டேப்பை எடுத்து அளந்தேன். முப்பது. உன் நாற்பது சென்டிமீட்டர் குல்லா இப்படி ஒரு ஜாடியில்தான் தொளதொளக்கும். அங்கேயே ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ ஆறு கப் ஜாடியை ஒரு கப் ஜாடிக்குள் மறைக்கப் பார்த்தாய்.

புதுத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். இது உன் கைக்கும் உன் ஜாடிக்கும் எழுதினது. பாதிக்கு முப்பத்தாறு கண்ணி. பத்தாம் வரிசையில் மீசை, இருபதாம் வரிசையில் கண். இந்தத் தடவை சரிபார்த்துவிட்டேன்.

உன்னை நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பத்தாம் நாள் உங்கள் சமையலறையில் நின்றுகொண்டு அவளிடம் நான் சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். "கலகலன்னு இருந்த என் தம்பியை இப்படி ஊமையாக்கிட்டியே" என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இது என் வீடு அண்ணி" என்றாள். ரயிலடியில் உன்னிடம் இன்னொன்றும் சொன்னேன். "இவ உன்னோட நிலைக்க மாட்டா, எழுதி வெச்சுக்கோ" என்று. சொன்னபோது எனக்கு நாக்கில் தேன் தடவினமாதிரி இருந்தது. ஆறு வருஷம் கழித்து அதே வாய்க்குப் பயந்து நீ எனக்குப் பொய் எழுதுகிறாய் என்றால், அந்தத் தப்பு உன்னுடையது இல்லை.

"நான் அப்போதே சொன்னேன்" என்ற வார்த்தையை நான் சொல்ல மாட்டேன். இந்தக் கடிதத்திலும் இல்லை, இனி எந்தக் கடிதத்திலும் இல்லை.

பின்னி முடித்தால் எழுது. முடிக்காவிட்டாலும் எழுது.

அன்புடன்
அக்கா

அக்டோபர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கேயும் யாவரும் என்றால் நான் ஒருத்தன்தான்.

குல்லா சரியாக உட்கார்ந்துவிட்டது. மீசை மீசையின் இடத்தில் இருக்கிறது. காலையில் ஊற்றினேன், அப்பா மூக்கில் ஆவி வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன், டீ ஆறிவிட்டது. குல்லாவின் மேல் பிசகு இல்லை.

அவள் மார்ச் மாதமே போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட இரண்டு பேர் பேச வேண்டுமே. அவள் எடுத்துக்கொண்டு போனது தையல் மெஷினும், துணிப் பெட்டியும், நீ கொடுத்த நீல ஜாடியும். ஜாடியை ஏன் எடுத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அதை அவள் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போகாதே என்ற ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது அக்கா. வெளியே வரவில்லை.

போவதற்கு முன்பு ஒன்று சொன்னாள். உனக்கு எழுதின கடிதத்தை வழக்கம்போல அவள் முன்னால் வைத்திருந்தேன், அடியில் எழுத. படித்துவிட்டுப் பேனாவை மூடினாள். "இருபத்திரண்டு வருஷமா உங்க கடிதத்துக்கு அடியில ரெண்டு வரி எழுதறேன். அதுக்காக மேல இருக்கறதையெல்லாம் படிக்கறேன். இந்த டிரைவர் கதை, கிரஷர் கதை, மேனேஜர் கதை, ஒண்ணாவது என்கிட்ட சொல்லியிருக்கீங்களா? உங்க வீட்ல என்ன நடக்குதுன்னு உங்க அக்காவுக்கு எழுதற லெட்டரைப் படிச்சுத்தான் நான் தெரிஞ்சுக்கறேன். நான் சுவரோட குடித்தனம் பண்ணினேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.

அவள் சொன்னது உண்மை. வீட்டுக்குள் நுழைந்தால் யாரோ தூங்குகிறமாதிரி எனக்கு வாய் அடைத்துக்கொள்கிறது. காகிதத்தில் சத்தம் வராது, அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்கோ தூரத்தில் இல்லை. மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி ஓர் அறை எடுத்திருக்கிறாள். பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் வேலை. விலாசம் கீழே எழுதியிருக்கிறேன். எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை, நீயே கேட்பாய் என்றுதான்.

உனக்குச் சொல்லாததற்குக் காரணம் நீ எழுதினதேதான், அந்த ரயிலடி வார்த்தை. "அப்போதே சொன்னேன்" என்று சொல்லமாட்டேன் என நீ எழுதினதும் எனக்குச் சொல்ல முடிந்தது.

உன்
தம்பி

நவம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பதில் எழுத இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன் என்றால் எத்தனை காகிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

முதலில் கடைச் செய்தி. குல்லா அச்சாகிவிட்டது. ஒரே தாளில் வேண்டாமென்று இரண்டு தாளாகப் போட்டோம், ஆறு கப்புக்கு ஒன்று, ஒரு கப்புக்கு ஒன்று. ஒரு கப்புக்குக் குல்லா யாருக்கு வேண்டும் என்றார் கடைக்கார அம்மா. முதல் வாரத்தில் தீர்ந்துபோனது அந்தத் தாள்தான்.

இனி விஷயம். உன் கடிதங்களுக்காக நான் எப்படிக் காத்திருப்பேன் என்று உனக்குத் தெரியாது. தபால்காரர் படியேறும் சத்தத்துக்கு எடைத்தட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருப்பேன். டிரைவர் சொன்னதை வருகிறவர்களிடமெல்லாம் நான் கண்ணால் பார்த்தமாதிரி சொல்வேன். அதெல்லாம் அவளுக்குச் சேர வேண்டியது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. இருபத்திரண்டு வருஷம் அவள் இலையில் விழ வேண்டியதை நான் சாப்பிட்டிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு, அவள்தான் உன்னை ஊமையாக்கினாள் என்று அவள் வீட்டிலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அதனால் இனிமேல் எனக்கு எழுதாதே. அவளுக்கு எழுது. போய் நிற்க வேண்டாம், நின்றால் உனக்கு வாய் அடைக்கும். காகிதத்தில்தான் உனக்கு வரும் என்றால் காகிதத்திலேயே பேசு. மூன்று பஸ் நிறுத்தமாக இருந்தால் என்ன, தபால்தலை ஒட்டிப் போடு. அப்பா தூங்கிக்கொண்டிருந்ததைச் சொல். மூங்கில் ஊசியைச் சொல். நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டியது அது. திரும்பி வா என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடாதே, டிரைவர் கதையைச் சொல். அவள் பதில் போடாவிட்டாலும் வாராவாரம் போடு.

கடை ஜன்னலில் வைக்க நான் பின்னின ஆறு கப் குல்லாவை அவள் விலாசத்துக்கு அனுப்பிவிட்டேன். கடிதம் வைக்கவில்லை. என் வாயையும் கையையும் எனக்கே நம்பிக்கை இல்லை.

எனக்கு ஒன்றும் குறைவில்லை. கடையில் ஆள் வந்து போய்க்கொண்டே இருக்கிறது, பேசப் பேச வாய் வலிக்கிறது. நீ கவலைப்படாதே.

இருமலுக்கு வெந்நீர் குடி.

அன்புடன்
அக்கா

ஜனவரி 12

அண்ணிக்கு,

நலம். நீங்கள் நலமா?

எனக்கு நீளமாக எழுதிப் பழக்கமில்லை. உங்கள் தம்பியின் கடிதத்துக்கு அடியில் இருக்கிற இடம்தான் எனக்குத் தெரிந்த அளவு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பினது நவம்பரிலேயே வந்துவிட்டது. யார் அனுப்பினது என்று பார்சலைப் பார்த்ததும் தெரிந்தது, இத்தனை முடிச்சு வேறு யார் போடுவார்கள். பிரிக்காமல் இரண்டு வாரம் தையல் மெஷின் அடியில் வைத்திருந்தேன். பிறகு பிரித்தேன். அது மாமா முகம் என்று அவர் கடிதத்தில் எழுதியிருந்தார், மாமாவை நான் பார்த்ததில்லை. மூக்கு உங்கள் தம்பியுடையது.

ஜாடியை ஏன் எடுத்து வந்தேன் என்று அவர் ஒரு கடிதத்தில் கேட்டிருந்தார். எடுக்கும்போது எனக்கும் தெரியாது. அந்த வீட்டில் எனக்கென்று யாராவது பார்த்து வாங்கினது அது ஒன்றுதான். நீங்கள் கொடுக்கும்போது, "நீலம் பிடிக்குமான்னு தெரியலை" என்றீர்கள். பிடிக்கும்.

இந்த அறையில் ஆறு கப் ஜாடியில் ஒரு கப் போட்டால் உடனே ஆறிவிடும். குல்லா போட்ட பிறகு ஆறுவதில்லை. இப்போது இரண்டு கப் போடுகிறேன். இரண்டாவதையும் நான்தான் குடிக்கிறேன்.

அவருடைய கடிதம் வியாழக்கிழமை வியாழக்கிழமை வருகிறது. ஒன்பது வந்திருக்கிறது. மூங்கில் ஊசியைப் பற்றி இரண்டாவதில் இருந்தது. தங்கப்பல் டிரைவருக்குப் பேத்தி பிறந்திருக்கிறதாம். அதைப் படித்துச் சீருடைக் கடையில் தனியாகச் சிரித்தேன், பக்கத்து மெஷின்காரி ஒருமாதிரி பார்த்தாள். நான் இன்னும் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. போடுவேனா என்று தெரியாது. கோபம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். உங்கள் மேலும் கொஞ்சம் இருக்கிறது.

போன வாரக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. "அக்கா இனிமேல் தனக்கு எழுத வேண்டாமென்று சொல்லிவிட்டாள், நானும் எழுதுவதில்லை" என்று. சொன்னால் சொன்னபடி செய்கிற மனுஷர், உங்களுக்குத் தெரியாததா. அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு காலர் தலைகீழாகத் தைத்துப் பிரித்தேன். அவர் கடிதமெல்லாம் இங்கே வருகிறது. அப்படியென்றால் உங்களுக்கு யார் எழுதுகிறார்கள்?

யாரும் இல்லை என்று தோன்றியது. அதனால் எழுதினேன்.

முழங்கால் எப்படி இருக்கிறது? பதில் போடுங்கள். இங்கு மழை.